கேஸ் கீசர் பாதியில அணைஞ்சு போகுதா? திட்டாதீங்க... அது உங்களைக் காப்பாத்திட்டு இருக்கலாம்!

"மாப்ள, இந்த கேஸ் கீசர் ரெண்டு நிமிஷம் நல்லா எரியுது, அப்புறம் தானா அணைஞ்சு போகுது. என்னன்னு பாரு."

கீழவைப்பாரில் இருக்கும் மாமாவிடமிருந்து போன மார்கழியில் இப்படி ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்தது. வீடியோவில் கீசர் பளிச்சென்று எரிகிறது, வாளியில் தண்ணி விழுகிறது, திடீரென்று 'டக்'. அவ்வளவுதான்.

பதில் அனுப்புவதற்குள் மறுநாள் இன்னொரு மெசேஜ். "மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டாப்ல. ஏதோ சென்சர் போயிடுச்சாம், அந்த வயரை ஒட்டி விட்டுட்டாப்ல. இப்ப நிக்காம எரியுது. உங்க அத்தைக்குத்தான் குளிச்சிட்டு வந்ததுல இருந்து தலைவலி."

கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே போன் பண்ணி, "மாமா, அந்த கீசரைத் தொடாதீங்க. பாத்ரூம் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வைங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"தூத்துக்குடி பக்கம் வெயில்தானே, அங்க எதுக்கு கீசர்?" என்று கேட்பீங்க. மார்கழி, தையில் வாடைக்காற்று அடிக்கும்போது கடற்கரை ஊர்ல விடியக்காலை பச்சைத்தண்ணியை ஊத்திப் பாருங்க, புரியும். கைக்குழந்தை இருக்கும் வீடு, மூட்டுவலிக்காரங்க இருக்கும் வீடு, கடலுக்குப் போய் உடம்பெல்லாம் உப்போடு திரும்புறவங்க வீடு என்று வெந்நீர் தேவைப்படும் வீடுகள் நிறைய. கரண்ட் பில்லுக்குப் பயந்து கேஸ் கீசர் வாங்குறவங்களும் உண்டு.

ஆனா வைப்பாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய ஒரு ஊரில் கேஸ் கீசருக்கு ரெண்டு எதிரிகள். ஒண்ணு உப்புக்காற்று, இன்னொண்ணு உப்புத்தண்ணி. சென்னையின் கடலோர ஏரியாக்களில் போர் தண்ணி வாங்கும் வீடுகளுக்கும் இதே கதைதான்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

கரண்ட் கீசர் மாதிரி இதுல தண்ணி சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது. ஓடுற தண்ணியை ஓடும்போதே சூடாக்கும்.

குழாயைத் திறந்ததும் தண்ணி உள்ளே போய் ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் ஒரு குட்டி சுவிட்ச் ஆன் ஆகும். பேட்டரியில் இருந்து 'டக் டக் டக்' என்று பொறி வரும். கேஸ் வால்வு திறந்து பர்னர் பத்திக்கும். பக்கத்தில் இருக்கும் சென்சர் கம்பி 'தீ இருக்கு' என்று உறுதி செய்த பிறகுதான் வால்வு தொடர்ந்து திறந்திருக்கும். தீக்கு மேலே செம்புக் குழாய்கள். அதுக்குள்ளே ஓடும் தண்ணி சூடாகி வெளியே வரும்.

ஆக, சூடான தண்ணிக்கு நாலு பேர் சேர்ந்து வேலை பார்க்கணும்: தண்ணி, பேட்டரி, கேஸ், காற்று. கீசர் மக்கர் பண்ணினா இந்த நாலு பேரில் யார் லீவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பொதுவா விற்கும் '6 லிட்டர்' கீசர் என்றால் 6 லிட்டர் கொள்ளளவு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணியை சுமார் 25 டிகிரி உயர்த்தும் என்று அர்த்தம். தொட்டித் தண்ணி 26 டிகிரி இருந்தா வெளியே வருவது 51 டிகிரி. குளிக்க அதுவே அதிகம். அதே கீசரில் நிமிஷத்துக்கு 12 லிட்டர் ஓடவிட்டா சூடு பாதிதான் ஏறும். கீசர் ரிப்பேர் ஆகலை, தண்ணிதான் வேகமா ஓடுது!

சோதிக்கும் முன் ஒரே ஒரு விதி: கீசர் பாத்ரூமுக்குள் இருந்தா கதவையும் ஜன்னலையும் முழுசா திறந்து வெச்சுட்டுத்தான் ஆன் பண்ணணும்.

1. 'டக் டக்' சத்தமே வரலையா?

முதல் சந்தேகம் பேட்டரி மேல. பெரும்பாலான மாடல்களில் ரெண்டு பெரிய டார்ச் பேட்டரி போட்டிருக்கும். ரெண்டையும் ஒரே நேரத்தில் புதுசா மாத்துங்க. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு வேண்டாம். பேட்டரி உட்காரும் இடத்தில் பச்சையா களிம்பு ஏறியிருக்கா என்று பாருங்க. கடற்கரை வீடுகளில் இது ரொம்ப சகஜம். பேட்டரியைக் கழட்டிட்டு, அந்தத் தகட்டை நைஸான உப்புத்தாளால் லேசா தேய்த்துத் துடைத்தாலே பல கீசர்கள் உயிர் பெற்றுவிடும்.

பேட்டரி ஓகேவா? அடுத்து தண்ணி. ஒரு லிட்டர் பாட்டிலை குழாயடியில் பிடித்து, போன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க. 10 செகண்டில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 6 லிட்டர், சூப்பர். 20 செகண்ட் ஆனால் 3 லிட்டர், சுமார். 30 செகண்டுக்கு மேல் போனால் பல மாடல்களில் அந்த ரப்பர் தகட்டைத் தள்ளவே தண்ணிக்குத் தெம்பு இருக்காது.

தண்ணி வரும் வழியில் கீசருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். மணலும் உப்புக் கட்டியும் அங்கேதான் அடைக்கும். கேஸை மூடி, தண்ணி வால்வை மூடி, அந்த வலையைக் கழட்டி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்க. ஷவர் முகத்தையும் கழட்டி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணியில் ராத்திரி ஊறப் போடுங்க. வெள்ளை வெள்ளையாக் கரைந்து வரும்.

எல்லாம் சுத்தம், அப்பவும் வேகம் இல்லையா? தொட்டியின் உயரத்தைப் பாருங்க. கீசர் மேனுவலில் 'குறைந்தபட்ச நீர் அழுத்தம் 0.02 எம்பிஏ' என்பது போல ஒன்று இருக்கும். அது கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதாவது ஷவருக்கு மேலே 2 மீட்டராவது தண்ணி மட்டம் இருக்கணும். மொட்டை மாடித் தரையிலேயே தொட்டியை உட்கார வைத்த ஒத்தை மாடி வீடுகளில் இது கிடைக்காது. அங்கே தொட்டியைத் தூக்கி வைக்கணும், இல்லைன்னா ஷவரை விட்டுட்டு தாழ்வா இருக்கும் குழாயில் வாளி பிடிக்கணும். புது கீசர் வாங்கினாலும் இந்தப் பிரச்னை கூடவே வரும்.

2. சத்தம் வருது, தீ பிடிக்கலையா?

சிலிண்டர் காலியா, ரெகுலேட்டர் திறந்திருக்கா, கீசர் பக்கத்தில் இருக்கும் கேஸ் வால்வு திறந்திருக்கா என்று பாருங்க. சிலிண்டர் மாத்தின அன்னைக்கு டியூபுக்குள் காற்று இருக்கும். ரெண்டு மூணு தடவை குழாயை மூடித் திறந்தால் சரியாகும். அதுக்கு மேலும் பிடிக்கலை என்றால் தொடர்ந்து முயற்சி பண்ணாதீங்க. எரியாத கேஸ் தேங்கும்.

அழுகின முட்டை மாதிரி வாடை வந்தா எல்லா வேலையையும் நிறுத்துங்க. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வாங்க. லைட் சுவிட்சை ஆன் பண்ணவும் கூடாது, ஆஃப் பண்ணவும் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரமா தங்கும். போனை வெளியே வந்து எடுத்து, 1906 என்ற கேஸ் கசிவு உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க.

கசிவு இருக்கா என்று சந்தேகமா? சோப்புத் தண்ணியை இணைப்புகளில் தடவுங்க. குமிழி வந்தா கசிவு. தீக்குச்சி வைத்து சோதிக்கும் வீரம் வேண்டாம்.

3. முதல்ல சூடு, போகப் போக வெதுவெதுப்பு?

சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கலாம். ஒரு கணக்கு பாருங்க. இந்த கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் குடிக்கும். 14.2 கிலோ சிலிண்டர் 15 மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு வீட்டில் நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிஷம் குளித்தால் மூணு வாரத்துக்கு ஒரு சிலிண்டர், சமையலைச் சேர்க்காமலே!

பக்கத்தில் அடுப்பும் எரியும்போது மட்டும் சூடு குறைந்தா, ஒரே சிலிண்டர் ரெண்டு பேருக்குப் பங்கு போடுது என்று அர்த்தம். அதுக்காக 'ஹை பிரஷர்' ரெகுலேட்டர் வாங்கி மாட்டிடாதீங்க. வீட்டு உபயோகக் கருவிகள் எல்லாம் குறைந்த அழுத்தத்துக்குத்தான் செய்யப்பட்டவை.

கேஸ் நிறைய இருக்கு, தீயும் நல்லா எரியுது, ஆனா சூடு மட்டும் மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வருதா? இது உப்புத்தண்ணியின் கைவரிசை. தண்ணியில் இருக்கும் கால்சியம் சூடானதும் செம்புக் குழாயின் உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரிப் படியும். தீயின் சூடு தண்ணிக்குப் போகாமல் இந்தப் படிவம் போர்வை போல மறிக்கும். குடிநீருக்கான இந்திய தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. கடற்கரை ஓரப் போர் தண்ணி இதையெல்லாம் சுலபமாத் தாண்டக்கூடியது.

இந்தப் படிவத்தை எடுப்பது மெக்கானிக் வேலை. ஆனா நீங்க ஒண்ணு சொல்லணும்: "அண்ணே, எலுமிச்சை உப்புக் கரைசல் போதும். டாய்லெட் கழுவுற ஆசிட் வேண்டாம்." அந்த ஆசிட் சுண்ணாம்போடு சேர்த்து உலோகத்தையும் அரிக்கும். அடுத்த மாசம் குழாயில் ஓட்டை விழும்.

4. எரிஞ்சு எரிஞ்சு அணையுதா?

இங்கேதான் மாமா வீட்டுக் கதைக்கு வர்றோம். கீசர் தானா அணைவதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கு, பெரும்பாலும் அவை எல்லாமே பாதுகாப்புக்காக வைத்தவை.

சரியா 20 நிமிஷத்தில் அணைந்தால் அது டைமர். பல மாடல்களில் இருக்கும். தண்ணி குறைவா ஓடி உள்ளே அளவுக்கு மீறி சூடானால், அதிக வெப்பத்தைத் தடுக்கும் சுவிட்ச் அணைக்கும். தீயைக் கண்காணிக்கும் கம்பியில் கரி படிந்தால் 'தீ இல்லை' என்று தப்பாக நினைத்து அணைக்கும். இன்னும் சில மாடல்களில் அறையின் காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சரும் உண்டு.

மாமாவிடம் கேட்டேன், "பாத்ரூம் வென்டிலேட்டர் திறந்திருக்கா?"

"வாடைக்காத்து சில்லுனு வருதேன்னு தெர்மாகோல் வெச்சு அடைச்சிருக்கேன் மாப்ள."

புரிஞ்சுதா? கீசர் கெட்டுப்போகலை. காற்று இல்லைன்னு அது சொன்னது. மெக்கானிக் அதன் வாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரம் இருக்கும் பாத்ரூமில் மொத்தக் காற்று 7 கன மீட்டருக்கும் குறைவு. ஒரு கிலோ எல்பிஜி முழுசா எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேணும். பத்து நிமிஷக் குளியலுக்கு 160 கிராம் கேஸ் என்று வைத்தாலும் 2 கன மீட்டருக்கு மேல் காற்று போகும். அதாவது அடைத்த பாத்ரூமின் காற்றில் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கை கீசரே குடித்துவிடும். புகையையும் அதே அறைக்குள் விடும். உள்ளே நீங்களும் இருக்கீங்க.

காற்று போதாதபோது கேஸ் அரைகுறையா எரியும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. சிலிண்டர் கேஸில் நாம் உணரும் நாற்றம் கசிவைக் காட்டிக்கொடுக்க சேர்க்கப்பட்டது. அது எரிந்துவிட்ட பிறகு வரும் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாப் பிடித்துக்கொள்ளும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல். அதுக்குப் பிறகு கதவு வரைக்கும் நடக்கவே தெம்பு இருக்காது. குளியலறையில் மயங்கி விழுந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் பற்றி 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்ற பெயரிலேயே இந்திய நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கீசர் பற்றி யாரும் கேட்காததால் அதைக் காக்காய் வலிப்பு என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

தீயின் நிறத்தைப் பாருங்க

கீசரின் முன்பக்கம் தீயைப் பார்க்க ஒரு சின்ன துவாரம் இருக்கும். தீ நீலமா, குட்டையா, அசையாமல் நின்றால் நல்லது. மஞ்சளா, நீளமா, அலையடித்துக்கொண்டு இருந்தா உடனே அணைத்துவிடுங்க. மேல்பக்கம் கரி படிந்திருந்தாலும் அதே முடிவுதான்.

கடற்கரைக்காரங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். உப்புக்காற்றில் இருக்கும் சோடியம் தீயில் பட்டால் நீலத் தீக்கு நடுவே ஆரஞ்சுப் பொறி அப்பப்போ மின்னும். வீட்டு அடுப்பிலும் பார்த்திருப்பீங்க. அது வேறு, தீயே மஞ்சளா நிற்பது வேறு. ஆனா 'எங்க ஊர்ல எப்பவும் இப்படித்தான் எரியும்' என்று மஞ்சள் தீயைப் பழகிக்கொள்வதுதான் ஆபத்து. சந்தேகம் என்றால் அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. துருவும் தூசியும் பர்னர் ஓட்டைகளை அடைத்தால்கூட தீ மஞ்சளாகும். கடலோர வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை பர்னரைக் கழட்டிச் சுத்தம் செய்வது நல்லது.

யாராவது மயங்கிட்டா?

கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், முதல்ல ஆளை வெளியே இழுங்க. கேஸை மூடுங்க. 108-க்குக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்ல வேண்டிய வார்த்தை: "கேஸ் கீசர் போட்டுக் குளிச்சிட்டு இருந்தாங்க."

கொரோனா சமயத்தில் வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து '98 காட்டுது, ஒண்ணுமில்லை' என்று இருந்துடாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தத்தையும் அந்தச் சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் நல்ல எண்ணையே காட்டும்.

சரி, எப்படி வெச்சா பாதுகாப்பு?

• கீசர் வெளியே, தண்ணிக்குழாய் மட்டும் உள்ளே. கொல்லைப்புறச் சுவர், காற்றோட்டமுள்ள பால்கனி என்று எங்கே முடியுமோ அங்கே. மழைக்கு மேலே ஒரு தகடு போடலாம், சுற்றிலும் அடைக்கக் கூடாது. பாத்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டினால் புகை திரும்ப உள்ளேதான் வரும், அதையும் தவிருங்க.

• வெளியே மாத்தும் வரைக்கும், கதவைத் திறந்து வெச்சு வாளியில் வெந்நீர் பிடிங்க. கீசரை அணைச்சுட்டு, கொஞ்ச நேரம் காற்று போகவிட்டு, அப்புறம் போய்க் குளிங்க. கீசர் எரியும்போது உள்ளே ஆள் இருக்கவே கூடாது.

• எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. காற்று உள்ளே வர வழி இல்லாமல் வெளியே மட்டும் இழுத்தால் என்ன பயன்?

• கேஸ் டியூபை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டியூப் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். வெடிப்பு தெரிந்தால் உடனே மாத்துங்க.

• புதுசா வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15558 என்ற எண்ணும் இருக்கா என்று பாருங்க. முடிஞ்சா கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டுங்க.

• எந்த மெக்கானிக் வந்தாலும் சென்சர் வயரை ஒட்ட விடாதீங்க. "ஏன் அணையுதுன்னு சொல்லுங்கண்ணே, அணையாம பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்க.

மாமா வீட்டு கீசர் என்ன ஆச்சு?

அத்தைக்கு வெளியே வந்து உட்கார்ந்ததும் தலைவலி குறைந்துவிட்டது. ஆனாலும் அன்னைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். தெர்மாகோல் குப்பைக்குப் போனது. வேறொரு மெக்கானிக் வந்து பர்னரைக் கழட்டியபோது பாதி ஓட்டைகளில் துரு. சென்சர் வயர் பழையபடி இணைக்கப்பட்டது. கீசர் கொல்லைப்புறச் சுவருக்கு இடம் மாறியது. ஒரு நாள் பிளம்பர் வேலை, கொஞ்சம் குழாய். இப்போ நடுவில் அணைவதே இல்லை, வெளியே அதுக்கு வேண்டிய காற்று இருக்கு.

எல்லாம் முடிந்த பிறகு மாமா ஒண்ணு சொன்னார். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், தண்ணிக்குள் மூழ்குறவனுக்கு மேலே இருந்து கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தங்கச்சி வாழ்க்கையை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று. கயிறு அசைந்தால் உடனே இழுக்கணும், 'ஏன் அசையுது'ன்னு யோசிக்கக் கூடாது.

"உன் சென்சரும் அதுதான் மாப்ள. கயிறு அசைஞ்சிருக்கு, நாங்க கயிறை அறுத்து விட்டுட்டோம்" என்றார்.

இன்னைக்கு உங்க வீட்டு பாத்ரூமுக்குள் போகும்போது, கீசர் எங்கே இருக்கு, வென்டிலேட்டர் திறந்திருக்கா என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. ஹாஸ்டல், பிஜி, புதுசா குடிபோன வாடகை வீடு எதுவா இருந்தாலும் சரி. அப்படியே ஊர்ல இருக்கும் அம்மாவுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.